நடைபாதையில் வாழ்பவர்களுக்கு வீடு கொடுத்தால் நிலைப்பார்களா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சென்னையில் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். பலர் அதை உள்வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். முதலில் குடியை விடவைத்து, ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, ஒழுங்காக வாழப் பழக்கிவிட்டு, அதற்கப்புறம் வீடு கொடுப்பதுதானே முறை?"

என் பதில்: வீடுதான் முதலில். குடி, தொழில், மருந்து எல்லாம் அதற்குப் பிறகு, அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே. இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல ஊர்களில் செய்து பார்த்து, கணக்கெடுத்துச் சரிபார்த்த விஷயம் இது. பெரும்பாக்கத்திலிருந்து திரும்பியவர்களைப் பற்றியும் சொல்கிறேன். கோளாறு அவர்களிடம் இல்லை. வீடு இருந்த இடத்திலும் அதைக் கொடுத்த விதத்திலும் இருந்தது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். குடிசைவாசிகள் இதில் வரமாட்டார்கள். கூரையே இல்லாதவர்கள் மட்டும். சென்னையில் இவர்களில் நிறையப் பேர் குடும்பமாக இருப்பவர்கள். என்.எஸ்.சி. போஸ் சாலை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம் என்று இரண்டு மூன்று தலைமுறையாக அதே நடைபாதையில் இருப்பவர்கள் உண்டு. பூ கட்டுகிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள், லாரியில் லோடு இறக்குகிறார்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். இவர்களுக்கு யாரும் தொழில் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் தனியாட்கள்: மனநோயோடு அலைபவர்கள், குடியில் மூழ்கியவர்கள், பிள்ளைகள் கைவிட்ட வயதானவர்கள், புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்கள். இவர்களுக்கு வீடும் வேண்டும், கூடவே அவ்வப்போது வந்து பார்க்க ஒரு மனுஷரும் வேண்டும். இரண்டு தரப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே திட்டத்தைக் கொடுத்தால் இருவருக்கும் உதவாது.

'முதலில் திருந்து, பிறகு வீடு' என்பது புது யோசனை இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. தெருவிலிருந்து இரவுக் காப்பகம், அங்கே ஒழுங்காக இருந்தால் கொஞ்சம் நல்ல விடுதி, குடியை விட்டு மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் இன்னும் நல்ல இடம், கடைசியில் வீடு. ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் மறுபடி கீழே, தெருவுக்கு. ஏற வேண்டியவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு படிகளிலேயே வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்று தெரிய ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும். வீட்டில் இருப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. பிளாட்பாரத்தில் படுப்பவர் அசந்து தூங்கினால் காலையில் செருப்பும் இருக்காது, மடியில் முடிந்து வைத்த காசும் இருக்காது. பெண்ணாக இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். இந்தப் பணியில் இருக்கும் நாங்கள் குறிப்பேட்டில் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுகிறோம். குடியும் பாதி அப்படித்தான்: கொசுவிலும் குளிரிலும் பயத்திலும் கண்ணை மூட அதைவிட மலிவான வழி அவருக்குக் கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு வா என்று நடைபாதையில் நிற்பவரிடம் கேட்பது, நம்மில் யாராலும் முடியாத ஒன்றை அவரிடம் கேட்பதாகும்.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். தெருவில் இருந்த, கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் வீடு என்றார்கள். அவர் தொடங்கிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' அமைப்பு நேராக வீட்டைக் கொடுத்தது. விடுதி இல்லை, மற்றவர்கள் குடியிருக்கும் சாதாரண அடுக்ககங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடகை வீடு. நிபந்தனைகள் இரண்டே: வருமானத்தில் 30 சதவீதம் வாடகைக்கு, பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்கச் சம்மதம். மருந்து சாப்பிடு, குடிக்காதே என்ற நிபந்தனை கிடையாது. கேட்டால் மருத்துவர், செவிலியர், வேலை தேடித் தருபவர் எல்லாரும் வீட்டுக்கே வருவார்கள். 2000இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு இவர்களில் 88 சதவீதம் பேர் வீட்டில் நிலைத்திருந்தார்கள். பழைய படிப்படி முறையில் போனவர்களில் 47 சதவீதம்.

ஒரு ஊரின் கதையை வைத்து நம்பக்கூடாது என்பவர்களுக்குக் கனடா. 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரான்டோ, மான்ட்ரியல், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முதலில் வீடு, மற்றவர்களுக்கு வழக்கமான சேவைகள் என்று வைத்துப் பார்த்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் வீடு பெற்ற குழுவில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். மற்ற குழுவில் 31 சதவீதம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு கிடைத்ததால் குடியும் போதையும் பெரிதாகக் குறைந்துவிட்டது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் இரண்டு குழுக்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் தோல்வியா என்று கேட்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சொந்த வீட்டில் இருந்துகொண்டு குடிப்பவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அதற்காக அவர்கள் வீட்டை யாரும் பூட்டுவதில்லை. குடிக்கு வைத்தியம் வேறு, வீடு வேறு. வீட்டுக்குள் இருப்பவருக்கு வைத்தியம் செய்ய நாளைக்கும் ஆள் இருக்கும் இடம் தெரியும். தெருவில் இருப்பவரைத் தேடுவதிலேயே பாதி வேலை போய்விடும்.

ஒரு நாடே இதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது என்றால் அது பின்லாந்து. 2008இல் அங்கே வீடற்றவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். இந்தக் கணக்கில் நண்பர் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் ஒண்டிக்கொண்டு இருப்பவர்களும் அடக்கம். அந்த ஆண்டு அரசும் பெரிய நகரங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, இரவுக் காப்பகங்களை மூடி அவற்றையே வீடுகளாக மாற்றத் தொடங்கின. ஹெல்சிங்கியில் 1985இல் காப்பகங்களிலும் விடுதிகளிலும் 2,121 படுக்கைகள் இருந்தன, 2008இல் 558, 2016இல் 52. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய ஒரு பெரிய விடுதியைப் புதுப்பித்து, ஒவ்வொருவருக்கும் தனிச் சமையலிடம், தனிக் குளியலறை, சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம் என்று ஆக்கினார்கள். படுக்கைகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் அங்கிருந்து யாரும் காலையில் வெளியேற வேண்டியதில்லை. 1985இலேயே தொடங்கிய 'ஒய் அறக்கட்டளை' சாதாரண அடுக்ககங்களில் தனித்தனி வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது, அதுவும் கைகொடுத்தது. 2023இல் வீடற்றவர்கள் எண்ணிக்கை 3,429. அடுத்த ஆண்டு 3,806 ஆக ஏறியது. வீட்டு உதவித்தொகை போன்றவற்றில் அரசு கைவைத்ததைத்தான் அங்குள்ள வீட்டுவசதி அமைப்புகள் காரணமாகச் சொல்கின்றன. வாடகையில் ஒரு பங்கை அரசு ஏற்கும்வரைதான் இந்த முறை ஓடும். இதைச் சென்னையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊர். உச்ச நீதிமன்றம் 2010இல் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் என்பது நகரங்களுக்கு அளவுகோலானது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்திலும் அது சேர்ந்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தும் காப்பகங்கள் அப்படித்தான் பெருகின. அவை உயிரைக் காப்பாற்றுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நடைபாதையில் ஒன்றாகப் படுத்த குடும்பம் காப்பகத்துக்குப் போனால் பிரிய வேண்டும். அதனால் குடும்பங்கள் வரமாட்டேன் என்கின்றன. தனியாட்கள் வந்தால் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கிருந்து போக அடுத்த இடம் என்று ஒன்றை யாரும் உருவாக்கவில்லை.

அடுத்தது பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நகரின் தென்கோடியில் அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். பூக்கட்டும் அக்கா ஒருவரை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் பூ எடுக்க வேண்டும், ஆறு மணிக்குக் கோயில் வாசலில் கடை போட வேண்டும். பாரிமுனையில் படுத்தால் இது முடியும். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்தில் பஸ் கிடையாது. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம்தான், ஆனால் பஸ் ஓடாத நேரத்தில் இலவசம் எதற்கு உதவும்? லோடு வேலைக்கு இருப்பவர் லாரி வரும்போது அங்கே இருந்தால்தான் கூப்பிடுவார்கள். அதனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் பழைய நடைபாதையில் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நிற்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஏதோ கொஞ்சம் வருகிறது. அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

இது நீதிமன்றத்துக்கே தெரிந்த விஷயம். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பு, மக்கள் நடைபாதையில் இருப்பது அங்கே பிழைப்பு இருப்பதால்தான் என்பதை ஏற்று, வாழ்வாதார உரிமையை வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. உரிய அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னதால் அந்த மக்களுக்கு உடனடிப் பலன் இல்லாமல் போனது தனிக்கதை. வேலை இருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், அல்லது ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் வீடு என்பதுதான் நடைபாதைக் குடும்பங்களுக்கான முழுத் திட்டமும். வடசென்னையில் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போதெல்லாம் அதே வட்டாரத்து நடைபாதைக் குடும்பங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

தனியாட்களைப் பொறுத்தவரை முன்மாதிரிக்கு வெளிநாடு போக வேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது. தெருவில் அலையும் மனநோயாளிப் பெண்களுக்காக 1993இல் தொடங்கிய 'தி பேன்யன்', 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றை ஆரம்பித்தது. குணமாகியும் போக இடமில்லாமல் மனநல மருத்துவமனையில் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள், ஒத்துப்போகும் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். உதவிக்கு அதே வட்டாரத்துப் பெண் ஒருவர் இருப்பார். பெரிய படிப்பு தேவையில்லை, பயிற்சி கொடுக்கிறார்கள். இன்று என்ன குழம்பு, யார் மார்க்கெட் போவது, டிவியில் எந்தச் சேனல் என்பதை அங்கே இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். பத்து வருஷம் வார்டில் இருந்தவருக்குத் தனக்குப் பிடித்த குழம்பைச் சொல்லவே சில வாரம் ஆகும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் இது நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இடம்பெற்றது. சட்டமும் இதன் பக்கம்தான்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வீடு இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக யாரையும் மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது.

குடியேறிய பிறகு நடப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் வீடு நிலைப்பதும் போவதும் அங்கேதான். முதல் வாரங்களில் பலர் கட்டிலில் படுக்கமாட்டார்கள். வாசற்படிக்கு உள்ளே, கதவைத் திறந்துபோட்டு, விளக்கை எரியவிட்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். பிளாட்பாரத்தில் ஆதாரையும் பாஸ்புக்கையும் காப்பாற்றிக்கொண்ட விதம் அது, உடனே போகாது. அதைப் பார்த்து 'வீட்டில் இருக்கத் தெரியவில்லை' என்று முடிவு கட்டக்கூடாது. அடுத்து, பழைய கூட்டாளிகள் வருவார்கள். மழைக்கு ஒரு ராத்திரி என்று வந்தவர் மாதக்கணக்கில் தங்குவார், கூட இருவரை அழைத்து வருவார், சத்தம் வரும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். தன்னோடு பட்டினி கிடந்தவனை வெளியே போ என்று சொல்ல இவருக்கு வாய் வராது. அங்கே பணியாளர் பழியை ஏற்றுக்கொள்ள வேண்டும்: "ஒப்பந்தத்தில ஒரு ஆள்தான்னு போட்டிருக்கு, அதிகாரி பார்த்தா என் வேலை போயிடும்ணே" என்று வந்தவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பிறகு தனிமை. நடைபாதையில் டீக்கடைக்காரர் இருந்தார், பக்கத்து மூட்டைக்காரர் இருந்தார். நாலு சுவருக்குள் யாரும் இல்லை. மூன்றாவது நாலாவது மாதத்தில் சிலர் சும்மா பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். போகட்டும், திரும்பி வர வீடு இருக்கிறது அல்லவா. தகராறுகளில் வீடு போய்விட்டால் இன்னொரு வீடு தேடிக் கொடுக்க வேண்டும். நியூயார்க்கிலும் அப்படித்தான் செய்தார்கள். முதல் வீட்டிலேயே எல்லாரும் நிலைத்துவிடவில்லை.

பணம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். அதில் 30 சதவீதம் 360 ரூபாய். வடசென்னையில் ஒற்றை அறையே நாலாயிரம் ஐயாயிரம் கேட்கிறார்கள், பத்து மாத அட்வான்ஸ் தனி. மீதியை யாராவது ஏற்றால்தான் அந்த முதியவர் வீட்டுக்குள் இருக்க முடியும். நம்மிடம் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் பல உண்டு, ஆனால் அவற்றில் பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டியிருக்கும். நடைபாதைக் குடும்பம் அதற்குக் கந்துவட்டிக்குத்தான் போகும். மாதாமாதம் வாடகையில் பங்கேற்கும் திட்டம்தான் இல்லை. வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை கொடுத்து வெளியே வாடகைக்கு இருக்கச் சொல்கிற அரசு, அதே வழியில் வீடற்றவர்களுக்கும் வாடகை உதவி கொடுக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. கட்டுமானத்துக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கவும் வேண்டாம்.

தனிப்பட்ட முறையில் நான் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: கம்பளியும் பொட்டலமும் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கூடவே ஒருவருடைய காகிதங்களை முடித்துக் கொடுங்கள். எல்லாக் கதவும் அங்கேதான் அடைபடுகிறது. முகவரிச் சான்று இல்லாதவர், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளரோ சட்டமன்ற உறுப்பினரோ ஆதார் ஆணையத்தின் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழை வைத்து ஆதாருக்குப் பதியலாம். வாக்காளர் அட்டைக்கு வீடே வேண்டியதில்லை. படிவம் 6இல் எந்த இடத்தில் உறங்குகிறார் என்று எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் அங்கே வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பலருக்கு இது தெரியாது, சில அலுவலர்களுக்கே தெரியாது, பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆதார் வந்ததும் வங்கிக் கணக்கு, பிறகு உதவித்தொகை, ரேஷன் கார்டு. உங்களிடம் வாடகைக்கு விட ஒரு சின்ன வீடு இருந்தால், இந்தப் பணி செய்யும் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு அதைக் கொடுங்கள். வாடகைக்கு நிறுவனம் பொறுப்பு, தகராறு என்றால் ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுக்க ஆள் உண்டா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவர்களுக்காக வீடு தேடிப் போகும் எங்களுக்கு 'அந்த மாதிரி ஆளுங்களுக்குக் கொடுக்க மாட்டோம்' என்ற பதில்தான் அதிகம் கிடைக்கிறது. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்காரர் கொடுத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவது எங்களுக்கு எவ்வளவோ சுலபம்.